சாமிக்குக் கை நடுங்குமா

சிறுமலை
15.9.2025, திங்கள்

அண்ணே,

நான் இங்கே வந்து ஐந்து நாளாகிறது. சின்னம்மா என்னைக் கல்யாணப் பெண் என்று நினைத்து நெய்யும் மலைப்பழமுமாக ஊட்டிக்கொண்டிருக்கிறாள். "வெயில்ல அலைஞ்சு கறுத்துப் போச்சு, கொஞ்ச நாளு உங்கிட்ட இருக்கட்டும்" என்று அம்மா அவளிடம் சொல்லியிருக்கிறாள். ஆளை அடித்துப் போட்டுவிட்டு வந்து ஒளிந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

இந்தப் பேச்சைப் போனில் பேசக்கூடாது, ரெக்கார்டு எடுத்துவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னாய். போனில் பேசினால் ஆதாரமாம், கைப்பட எழுதினால் ஆதாரமில்லையாம். உன் வக்கீல் எந்தக் காலேஜில் படித்தவர் என்று கேட்டு வை. எப்படியும் இங்கே சிக்னலுக்குப் பாறை மேல் ஏற வேண்டும். அதனால் எழுதுகிறேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு தினமும் திண்டுக்கல் இறங்குகிற இனிகோ அண்ணன் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடு.

நடந்ததை ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். எழுதி வைக்காவிட்டால் எனக்கே மாறிவிடும் போல இருக்கிறது.

புதன்கிழமை காலை ஆறு மணி. புரட்டாசி பிறப்பதற்குள் குலசாமிக்கு முதல் பத்திரிக்கை வைத்துவிட வேண்டும், அதையும் ஏழரைக்கு எமகண்டம் வருமுன் வைக்க வேண்டும் என்று அம்மா முந்தின நாளே கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நாம் இரண்டு பேரும் காரில் போனோம். ஓட்டியது நான். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம். செம்பட்டி ரோட்டில், கிளை ரோடு பிரிகிற பிரிவு ஸ்டாப்புக்கு முன்னால், ஆளில்லாத ஒரு தேங்காய் லாரி நின்றது. அதைத் தாண்டும்போது லாரிக்கு முன்னாலிருந்து பூ மூட்டையோடு அந்த அம்மா ரோட்டுக்கு வந்தார். பிரேக்கை மிதித்தேன். அதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

நீ 108க்குப் போன் போட்டாய். நான் என் மஞ்சள் துப்பட்டாவை அவர் தலையில் இறுக்கிக் கட்டி, மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம். ரத்தம் எனக்குப் புதிதில்லை, லேபில் தினம் எழுபது பேருக்கு எடுக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் கை நடுக்கம் நிற்கவே இல்லை. அவர் என் பெயரைக் கேட்டார். தமிழ்மதி என்றேன். சைரன் சத்தம் கேட்டதும் நீ என்னை எழுப்பி, "பிரிவுக்கு ஓடு, வர்ற பஸ்ஸுல ஏறு. நீ இங்க இல்லவே இல்ல, நான் மட்டுந்தேன் வந்தேன்" என்றாய். ஓடினேன். மடியிலிருந்த ரத்தத்தைப் பத்திரிக்கைப் பையை வைத்து மறைத்துக்கொண்டு திண்டுக்கல் வரை வந்தேன். நீ சொன்னாய் என்பது ஒரு பக்கம். நானும் ஓடினேன், அதுதான் உறுத்துகிறது.

அவர் பிழைத்தாரா? அவர் பெயர் என்ன? அவர் என் பெயரைக் கேட்டார், நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. அதையாவது எழுதி அனுப்பு.

தமிழ்மதி

---

திண்டுக்கல்
18.9.2025, வியாழன்

தமிழுக்கு,

உன் கடிதத்தைப் படித்த கையோடு கொளுத்திவிட்டேன். நீயும் இதைப் படித்ததும் அடுப்பில் போடு. அப்படி விலாவாரியாக எழுதாதே. இனிகோ நல்லவன்தான், ஆனால் வண்டியில் வாழைத்தாரோடு நாலு பேர் ஏறி வருகிறார்கள்.

முதலில் நல்ல சேதி. அந்த அம்மா நன்றாக இருக்கிறார். பெயர் கருப்பாயி. ஐம்பத்தெட்டு வயது. பிரிவிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டரில் வீடு. விடிகாலையில் தோட்டத்தில் பூ வாங்கிக் கட்டி, செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டு விற்கிறவர். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. தலையில் ஏழு தையல். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள்.

நான் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். மகன் அழகர்சாமி மில்லில் வேலை பார்க்கிறார். சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். இடித்துவிட்டு ஓடாமல் நின்றீர்களே, அதுவே பெரிசு என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அது கிடக்கட்டும்.

காரைப் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார், வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் லைசென்ஸை வாங்கி வைத்திருக்கிறார்கள். கேஸ் முடிந்ததும் வரும். என்னைப் பற்றி நீ கவலைப்படாதே. எட்டு வருஷம் ஓட்டுகிறவனுக்கு ஒரு கேஸ் என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஐப்பசியில் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுக்குக் கேஸ் என்றால் ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். அதுவும் சாமிக்குப் பத்திரிக்கை வைக்கப் போகிற வழியில்.

ஒரே ஒரு வேடிக்கை. அந்த அம்மா யார் வந்தாலும், "ஓட்டுனது ஒரு பொம்பளப் பிள்ளை. மஞ்சத் துணியக் கட்டிவிட்டு மடியில வச்சிருந்துச்சு. பேருகூடத் தமிழ் என்னமோன்னு சொல்லுச்சு" என்கிறார். எனக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையில் அடிபட்டதால் குழம்பிப் பேசுகிறார் என்று டாக்டரே சீட்டில் எழுதிவிட்டார். அழகர்சாமிதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காதீக, எங்கம்மாவுக்கு மூளை கொஞ்சம் கலங்கிருச்சு" என்று வருத்தப்பட்டார். ஆக அந்தப் பக்கமும் நமக்குத் தொந்தரவில்லை. நீ நிம்மதியாகத் தூங்கு.

அம்மா கேட்டதாகச் சொன்னாள்.

விக்னேஷ்குமார்

---

சிறுமலை
20.9.2025

அண்ணே,

நீ நிம்மதியாகத் தூங்கச் சொல்லி அனுப்பிய கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குக் கொஞ்சநஞ்சம் வந்த தூக்கமும் போயிற்று.

வேடிக்கை என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை நீயே படித்துப் பார். கொளுத்தாமல் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

தலையில் அடிபட்டவரிடம் டாக்டர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெயர் என்ன, இது எந்த ஊர், உங்களுக்கு என்ன நடந்தது என்று கேட்பார். சொல்கிற பதில் போலீஸ் தாளோடு ஒத்துப் போனால் தெளிவு. ஒத்துப் போகாவிட்டால் குழப்பம். பாவம், டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. கருப்பாயி அம்மா எல்லாக் கேள்விக்கும் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். தாள்தான் தப்பு. அந்தத் தாளை எழுத வைத்தது நாம்.

நாம் அவர் கையை உடைத்தோம். அது கூடிவிடும். இப்போது தெளிவாக இருக்கிற ஒரு மனுஷியைப் பைத்தியமாக்கிக்கொண்டிருக்கிறோம். இது எப்படி அண்ணே கூடும்?

வக்கீலிடம் கேட்டுச் சொல். வாக்குமூலத்தை மாற்ற வழி உண்டா? நான் ஓட்டினேன் என்றால் என்ன தண்டனை? எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. குடிக்கவில்லை. நின்றேன், 108 கூப்பிட்டோம். உள்ளதைச் சொல்லியிருந்தால் சாதாரண ஆக்சிடென்ட் கேஸ்தானே? நாம் எதற்கு அவ்வளவு பயந்தோம்?

அவர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாரா?

தமிழ்மதி

---

திண்டுக்கல்
25.9.2025

தமிழு,

எதற்குப் பயந்தோம் என்று மலைமேல் உட்கார்ந்து கேட்பது சுலபம். அன்றைக்கு ரோட்டில் உன் முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

வக்கீலிடம் கேட்டேன். "சும்மா போற ஓணானை எடுத்து ஏம்ப்பா வேட்டியில விடுற" என்றார். வாக்குமூலம் பொய் என்று இப்போது போய்ச் சொன்னால் பொய் சொன்னதற்கு என் மேலும் வரும் என்கிறார். எனக்கு இருக்கிற ஒரு கேஸ் போதும்.

உன்னிடம் சொல்ல வேண்டாமென்று இருந்தேன். நான் ஓட்டுகிற காலேஜ் பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கேஸ் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். அரசு பஸ்ஸுக்கு டெஸ்ட்டெல்லாம் பாஸ் பண்ணி ஆர்டருக்குக் காத்திருந்தேனே, அதிலும் கேஸ் இருக்கிறதா என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. இருக்கிறது என்றுதான் எழுத வேண்டும். எழுதவில்லை இன்னும். இவ்வளவையும் நான் யாருக்காகச் செய்தேன்? நான் குறை சொல்லவில்லை. நீயும் சொல்லாதே என்கிறேன்.

கருப்பாயி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கே நடக்கிற கூத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். ஓட்டியது ஆண், காரில் பெண்ணே இல்லை என்று தாளில் இருக்கிறதா, அப்படியானால் மடியில் தாங்கிய பெண் யார் என்று ஊர்ப் பெண்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். காளியம்மன்தான் பெண் ரூபத்தில் வந்து காப்பாற்றினாள் என்று முடிவாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த உன் துப்பட்டாவை மஞ்சள் தண்ணீரில் அலசி, பிரிவில் இருக்கிற வேப்பமரத்தில் கட்டி, விளக்கு வைத்திருக்கிறார்கள். நானே இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் போனேன், நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு வீட்டிலேயே ஒரு தெய்வம் இருந்தது தெரியாமல் போயிற்று பார்.

அந்த அம்மா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். விளக்குப் போட வந்தவளிடம், "அடி போடி, சாமியாம் சாமி. அந்தப் பிள்ளைக்குக் கை அம்புட்டு நடுக்கம் நடுங்குச்சு. சாமிக்குக் கை நடுங்குமா?" என்று சண்டை போடுகிறார்.

அழகர்சாமிக்குச் சாமியிலும் நம்பிக்கையில்லை, அம்மா பேச்சிலும் நம்பிக்கையில்லை. ஒரு கோடாங்கியிடம் கூட்டிப் போய் வேப்பிலை அடித்தாயிற்று. அடுத்து மதுரையில் மூளை டாக்டரிடம் காட்டப் போகிறாராம். அதுவரை அம்மாவை ரோட்டுப் பக்கம் விடுவதில்லை. கணக்குக் குழம்பும், பஸ்ஸில் விழுந்து வைக்கும் என்று பூ வியாபாரத்துக்கும் தடை. பிள்ளை என்றால் அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

இத்தோடு விடு. நாள் போனால் அந்த அம்மாவே மறந்துவிடுவார்.

விக்னேஷ்குமார்

---

சிறுமலை
28.9.2025

அண்ணே,

நான் சிரிக்கவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷம் உன் பஸ் சாவி ஞாபகத்துக்கு வருகிறது, அழுகை வருகிறது. மூன்று தடவை இதை எழுதிக் கிழித்தேன். காலையிலிருந்து இந்த வாசலுக்கும் மிளகுக்கொடிக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். என்னடி காலில் சக்கரமா கட்டியிருக்கிறது என்று சின்னம்மா கேட்கிறாள்.

நீ எனக்காகத் தியாகம் செய்தாய். சரி, உன் வேலையைக் கொடுத்தாய், அது உன்னுடையது, கொடுத்தாய். கருப்பாயி அம்மாவின் புத்தியை எடுத்துக் கொடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? எனக்கு அது வேண்டாம். அந்த விலையில் எனக்குக் கல்யாணம் வேண்டாம்.

நாள் போனால் மறந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குப் பயம். எல்லோரும் சேர்ந்து இல்லை இல்லை என்றால் ஒரு நாள் அவரும் இல்லை என்றுவிடுவார். கண்ணால் கண்டதை, கையால் தொட்டதைத் தானே நம்பாமல் போவார். மதுரை டாக்டர் மாத்திரை எழுதுவார். தெளிவாக இருக்கிறவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியுமா உனக்கு?

வருகிற புதன் ஆயுத பூஜை. பூ வியாபாரிக்கு வருஷத்திலேயே பெரிய வாரம் இது. அவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பாறை மேல் ஏறி, என்னைக் கட்டப்போகிற சந்தோஷ்குமாருக்குப் போன் செய்தேன். ஓட்டியது நான்தான், ஓடியதும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிக்னல் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேனுங்க. நான் யோசிக்கணும்" என்றார். அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசி ஆறு மாதமாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கீழே வருகிறேன். நேராகக் கருப்பாயி அம்மா வீட்டுக்குப் போவேன். நீ கூட வந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். வராவிட்டாலும் போவேன்.

தமிழ்மதி

---

திண்டுக்கல்
1.10.2025, ஆயுத பூஜை

தமிழ்மதிக்கு,

மாப்பிள்ளை வீட்டுக்கே சொல்லிவிட்டாய். நல்லது. அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. அவளிடம் போய் நான் என்ன சொல்ல? பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம் என்று நீ சொல்வாய். மறைத்தது உன் இலைக்காகத்தான்.

நீ ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனால் என் முகத்தில் முழிக்காதே. நான் நாளைக் காலை பழனிக்குக் கிளம்புகிறேன். முகமது யாசின் அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜராக இருக்கிறான். ரூம் பார்க்க ஆள் வேண்டும் என்றான். போனை அணைத்து வைக்கப் போகிறேன். அட்ரஸ் இதன் பின்னால் இருக்கிறது, அம்மாவுக்கு ஏதாவது என்றால் மட்டும் எழுது.

இதுவரை எழுதியதைக் கிழிக்கத்தான் நினைத்தேன். கிழிக்கவில்லை. இனி எழுதுவதையும் படி.

சாயங்காலம் பூஜைக்குக் காரைக் கழுவினேன். பானட்டில் அந்த நெளிவு அப்படியே இருக்கிறது. டிங்கர் வேலைக்கு விட மனசு வரவில்லை, ஏன் என்று தெரியவில்லை. சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் கை வைக்க முடியாமல் நின்றுவிட்டேன். வைப்பருக்குக் கீழே சல்லடைத் தட்டில் காய்ந்த செவ்வந்தி நாலைந்து சிக்கிக் கிடந்தது. குச்சியை விட்டு எடுத்தேன். அதைக் குப்பையில் போடவும் முடியவில்லை, சாமி படத்தில் வைக்கவும் முடியவில்லை. சட்டைப் பையில் கிடக்கிறது.

உனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நான். நிற்கிற வண்டியைத் தாண்டும்போது ஹாரன் அடி, கால் பிரேக்கில் இருக்கட்டும், முன்னால் ஆள் வரும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு நீ காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனாய். நான் பார்த்தேன். எமகண்டம் வந்துவிடும் என்று, "போ போ, ரோடு காலியாத்தான கெடக்கு" என்றது யார்? நீ அதை உன் கடிதத்தில் எழுதவே இல்லை. மறந்துவிட்டாயா, எனக்காக விட்டுவிட்டாயா? நான் போலீஸில் ஓட்டியது நான்தான் என்றபோது அது பொய் மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. கை உன்னுடையது, வாய் என்னுடையது.

ஆனாலும் போகாதே தமிழு. இதற்கு மேல் எனக்குத் தாங்காது.

விக்னேஷ்குமார்

---

திண்டுக்கல்
6.10.2025, திங்கள்

அண்ணே,

அம்மா நேற்று ராத்திரி இரண்டு இட்லி சாப்பிட்டாள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நான் போனேன். நீ போ போ என்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்மேல் பழி போட்ட மாதிரி ஆகும் என்றுதான் எழுதவில்லை. பார்த்தாயா, ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறேன் என்று நாம் இரண்டு பேருமே பாதியைத்தான் சொல்லியிருக்கிறோம்.

பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வேப்பமரத்தில் என் துப்பட்டா குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்குமாகத் தொங்கியது. ஒரு பெண் என் கையில் குங்குமத்தைக் கொட்டி, "வச்சுக்கத்தா, ரொம்பச் சத்தியுள்ள தாயி" என்றாள். நெற்றியில் வைக்க முடியவில்லை. கையை மூடிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். உள்ளங்கை பூராவும் சிவந்துவிட்டது.

கருப்பாயி அம்மா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாரின் ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, இடது கையால் மல்லி கட்டிப் பழகிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் நின்றார். நான் நின்ற இடத்திலிருந்தே, "நான்தேன் தமிழ்மதி. அன்னிக்குக் கார் ஓட்டுனது நான்தேன்" என்றேன்.

மகன் நம்பவில்லை அண்ணே. "யாரும்மா நீ? இப்பத்தேன் அது கொஞ்சம் அடங்கி இருக்கு. நீ வேற வந்து கிளப்பிவிடாத" என்று என்னை வெளியே போகச் சொன்னார். தன் அம்மாவின் மனத்திருப்திக்காக யாரோ நடிக்க அனுப்பிய ஆள் என்று நினைத்துவிட்டார். பையிலிருந்து அந்த மஞ்சள் சுடிதார் டாப்பை எடுத்துக் காட்டினேன். துவைத்தும் போகாத கறை இருக்கிறது. அவர் அதையும் வேப்பமரம் இருக்கிற பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அம்மா டாப்பைப் பார்க்கவே இல்லை. "இங்குட்டு வா. கையக் குடு" என்றார். கொடுத்தேன். குங்குமத்தைத் தன் சேலையில் துடைத்துவிட்டு, இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு நடுங்கியது. அன்றைக்கு மாதிரியே நடுங்கியது, நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

"இந்தக் கைதேன்" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "கேட்டியாடா?" என்றார். அழகர்சாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு அர்ச்சனை ஆரம்பித்தது. "நிக்கிற லாரியத் தாண்டும்போது ஆரன் அடிக்கணும்னு ஒனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலையா?" என்று கேட்டார். சொல்லித் தந்தார்கள், நான் அடிக்கவில்லை என்றேன். ஏன் ஓடினாய் என்றார். பயந்துவிட்டேன் என்றேன்.

"நானுந்தேன் பயந்தேன்" என்றார். "கையி ஒடிஞ்சதுக்குப் பயப்படல. இவன் இல்ல இல்லங்கவும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எல்லாரும் தூங்குன பெறகு எம்பேரு என்ன, எம்புருசன் செத்தது எந்த வருசம், மல்லி என்ன வெலைன்னு நானே எனக்குக் கேள்வி கேட்டுப் பாத்துக்குவேன். எல்லாஞ் சரியாத்தேன் இருக்கும். ஒன்னய மட்டும் எதுல சேக்குறதுன்னு தெரியாது."

நான் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். "அதெல்லாம் வேண்டாம். நீ டேசன்ல போயி எழுதிக் குடு. எனக்காண்டி இல்ல. எம்மகன் நீ சொல்லி இன்னிக்கு நம்புவான், நாளைக்குச் சந்தேகப்படுவான். தாளுல இருந்தாத்தேன் அவனுக்கு வேதம்" என்றார். அழகர்சாமி தலையைத் தூக்கவில்லை. மதுரை டாக்டருக்கு வாங்கி வைத்திருந்த டோக்கனை மட்டும் எடுத்துக் கிழித்தார்.

இன்றைக்குக் காலையில் ஸ்டேஷனுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "உங்க அண்ணன் குடுத்த வாக்குமூலம் தப்புன்னா அவரும் வந்து சொல்லணும். வர்ற திங்கக்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க" என்றார். உன்மேல் என்ன வரும் என்று கேட்டேன். அது கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றார். பொய்யாக ஆறுதல் சொல்லாததே எனக்கு ஆறுதலாக இருந்தது.

சந்தோஷ்குமார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். யோசிக்கட்டும்.

முகத்தில் முழிக்காதே என்று சொல்லியிருக்கிறாய். திங்கட்கிழமை மட்டும் முழிக்க வேண்டியிருக்கும். உன் கடிதம் மூன்றும் என்னிடம் இருக்கிறது, ஒன்றைக்கூட அடுப்பில் போடவில்லை. ஆனால் அதை ஸ்டேஷனில் கொடுக்க மாட்டேன். நீ வந்து உன் வாயால் சொல்வாய் என்று காத்திருப்பேன். வராவிட்டால் என் பங்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன்.

தமிழ்மதி

---

பழனி
10.10.2025, வெள்ளி

தமிழு,

உன் கூரியர் புதன்கிழமையே வந்துவிட்டது. இரண்டு நாளாக மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வந்த யாத்திரைக்காரர்களுக்கு ஆறாம் நம்பர் சாவி கேட்டால் ஒன்பதாம் நம்பர் சாவியைக் கொடுத்தேன். யாசின், "டேய், நீ ஊருக்குப் போ, எனக்குப் பொழப்பு கெட்டுரும்" என்றான்.

அரசு பஸ் படிவத்தை எழுதிவிட்டேன். கேஸ் இருக்கிறதா என்ற இடத்தில் இருக்கிறது என்றும், நடந்தது என்ன என்ற இடத்தில் நடந்ததையும் எழுதியிருக்கிறேன். இடம் பத்தவில்லை, பின்பக்கமும் எழுதினேன். என்ன ஆகிறதோ ஆகட்டும்.

அந்தச் செவ்வந்தியைக் கருப்பாயி அம்மாவிடம் கொடுக்கலாமா? பைத்தியக்காரத்தனமாக இருக்குமோ? நீ சொல்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறி எட்டரைக்கெல்லாம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். நீ காரை எடுத்துக்கொண்டு வா. என் லைசென்ஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது, ஓட்ட வேண்டியது நீதான். ஒரு மாதமாக ஸ்டீயரிங்கைத் தொடவில்லை என்பாய், கை நடுங்கும் என்பாய். நடுங்கினால் நடுங்கட்டும், மெதுவாக வா. நிற்கிற வண்டியைத் தாண்டும்போது ஹாரன் அடி.

நான் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

விக்னேஷ்குமார்